ஒரே வேலை, இரண்டு பட்டியல்

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே சரிவில் இருக்கிற ஒரு பெரிய ஓட்டலின் லாண்டரியில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். மூன்று நாள் குளிர் பார்க்க வருகிறவர்கள் படுத்து எழுந்த விரிப்புகளும் துடைத்துப் போட்ட துண்டுகளும் என் கைக்குத்தான் வரும். வெள்ளை பெட்ஷீட்டில் ஷூவைத் துடைத்துவிட்டுப் போகிற கனவான்கள் உண்டு. தலையணை உறையில் மீன் குழம்புக் கையைத் துடைத்த சீமாட்டிகள் உண்டு. அவர்கள் மேல் வருகிற அருவருப்பெல்லாம் ஒரு சலவையோடு போய்விடும். எத்தனை சலவை போட்டாலும் போகாத ஓர் ஆள் எங்கள் ஓட்டலுக்குள்ளேயே இருந்தார். எங்கள் தொழிற்சங்கத்தின் செயலாளர்.

அவரை ‘அவன்’ என்று எழுதத்தான் கை போகிறது. இருந்தாலும் ‘அவர்’ என்றே எழுதுகிறேன். அந்த ‘ர்’ ஒன்றுதான் அவரிடம் மிச்சமிருக்கிற மரியாதை.

ரெஸ்டாரன்டில் சர்வராகச் சேர்ந்தவர் அவர். நான் பார்த்த காலத்தில் அவர் கையில் ஒரு தட்டைக்கூடக் கண்டதில்லை. ‘சங்க வேலை’ என்று சொல்லிக்கொண்டு காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று வருவார். ஸ்வெட்டருக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு டிபார்ட்மென்ட் வாசலிலும் நின்று, “என்ன, எல்லாம் நல்லாப் போகுதா?” என்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். மே தினத்துக்கு ஒட்டிய போஸ்டரில் உழைப்பாளர்களின் கை சின்னதாகவும் அவர் முகம் பெரியதாகவும் இருந்தன.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிறந்தது பழனியில். அப்பா அடிவாரத்தில் ஒரு கடையில் பஞ்சாமிர்த டப்பாவுக்கு மூடி போடுகிற வேலையில் இருந்தார். பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமாகி மேலே வந்தேன். என் வீட்டுக்காரர் டாக்சி ஓட்டுகிறார். இரண்டாவது பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் லாண்டரியில் தினக்கூலியாகச் சேர்ந்தேன்.

அங்கே எனக்கு வேலை காட்டிக் கொடுத்தவர் எனக்கு இரண்டு வருடம் முன்னால் சேர்ந்த ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எல்லாரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அக்கா பளியர் சனம், இந்த மலைக்காட்டின் பூர்வீகக் குடிகள். பெருமாள்மலைக்குக் கீழே காட்டை ஒட்டிய குடியிருப்பிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார். கல்யாணத்துக்கு முன்னால் கடுக்காயும் கல்பாசியும் பொறுக்கியவர், பிறகு காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போனவர். ரோலர் இஸ்திரி மெஷினில் விரிப்பைக் கொடுக்கும்போது விரலை எங்கே வைக்க வேண்டும், எங்கே எடுத்துவிட வேண்டும் என்று முதல் நாளே என் கையைப் பிடித்துக் காட்டினார். “இந்தக் கோட்டுக்கு இங்கிட்டு உன் விரலு. அங்கிட்டுப் போச்சுன்னா அது மெஷினோட விரலு” என்றார். என் பத்து விரலும் முழுசாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

எங்கள் ஊரில் வேலை இரண்டு வகை. சீசன் வேலை, மழை மாசத்து வேலை. சீசனில் யார் வந்தாலும் வேலை உண்டு. ஐப்பசி பிறந்து மழையும் மூட்டமும் இறங்கிவிட்டால் பாதி அறைகள் காலி. அப்போது ஆட்களைக் குறைப்பார்கள். குறைக்கிறபோது கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வீட்டுக்குப் போக வேண்டும், முதலில் சேர்ந்தவர் கடைசி வரை இருக்கலாம். அதனால்தான் சீனியாரிட்டி என்கிற சொல் எங்களுக்கு உயிர். வாரத்தில் எந்த நாள் லீவு, எந்த ஷிஃப்ட், மழை மாசத்தில் வீட்டில் உலை கொதிக்குமா, எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கிற இடத்தைப் பொறுத்தது.

நான் சேர்ந்து எட்டாவது வருடம், தினக்கூலிகளை நிரந்தரமாக்குவது பற்றி நிர்வாகமும் சங்கமும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அதுவரை தினக்கூலிகளைச் சங்கம் சேர்த்துக்கொண்டதே இல்லை. உறுப்பினராகிறோம் என்று இரண்டு முறை போய்க் கேட்டபோது, “முதல்ல பெர்மனென்ட் ஆகுங்க, அப்புறம் பாக்கலாம்” என்று செயலாளர் எங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். திடீரென்று ஒரு நாள் அவரே லாண்டரிக்குள் நுழைந்தார். கையில் உறுப்பினர் படிவங்கள்.

“எல்லாரும் இதுல கையெழுத்துப் போடுங்க. மெம்பர் ஆனவங்களுக்குத் தினக்கூலியா இருந்த வருசமெல்லாம் சீனியாரிட்டில சேரும். ஆகாதவங்களுக்கு பெர்மனென்ட் ஆன நாளுல இருந்துதான் கணக்கு. நான் சண்டை போட்டு வாங்கினது” என்றார்.

படிவம் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பெயர், வயது, முகவரி. இரண்டாவது பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதேதோ. நான் படிக்கத் தெரிந்தவள், படித்திருக்கலாம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் பேனாவை நீட்டினார், கையெழுத்துப் போட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த எல்லாரும் அப்படியே போட்டார்கள். ஆடுகள் என்று சொல்லலாம். ஆடாவது முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்னும்.

அக்கா மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “ரெண்டாம் பக்கத்துல என்ன போட்டிருக்குங்க?”

“வழக்கமான சங்கதிதான்.”

“கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.”

“படிச்சு என்ன செய்யப் போற? போடச் சொன்னா போடு.”

“படிச்சுச் சொன்னா போடுறேன். சொல்லலைன்னா போட மாட்டேன்.”

அவர் படிக்கவில்லை. படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்று எங்களைப் பார்த்து, “காட்டுல தேன் எடுக்கிறவளுக்கு எதுக்குடா சீனியாரிட்டி?” என்று சிரித்தார். இரண்டு பேர் கூடவே சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது உண்மை. பெரிய ஆள் சிரித்தால் சின்ன ஆளுக்கு வருகிற சிரிப்பு அது. அதைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் என் முகத்தை நானே அறையலாம் போல இருக்கும்.

ஒரு மாதத்தில் பட்டியல் வந்தது. ஹவுஸ்கீப்பிங்கும் லாண்டரியும் சேர்த்து நாற்பத்து மூன்று பேர். டைம் ஆபீஸ் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். நான் பன்னிரண்டு. அக்கா நாற்பத்தொன்று. அவருக்குப் பின்னால் இருந்த இரண்டு பேரும் அந்த வருடச் சீசனுக்கு வந்தவர்கள். அவருக்கு முன்னால் இருந்த ஒரு பெண்ணுக்கு ரோலரில் விரிப்பு கொடுக்க அக்காதான் ஆறு மாதம் முன்பு பழக்கிவிட்டிருந்தார்.

அக்கா பட்டியலை விரல் வைத்து மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார். தன் பெயரில் வந்து நின்றார். “பத்து வருசம் எங்க போச்சு புள்ள?” என்று என்னிடம் கேட்டார். நான் பன்னிரண்டாவது ஆள். “நீங்களும் போட்டிருக்கலாம்லக்கா” என்றேன். அதைவிடக் கேவலமான ஒரு பதிலை யோசித்துப் பார்த்தாலும் கிடைக்காது.

மழை வந்தது. இருபத்தைந்துக்குக் கீழே இருந்த எல்லாரையும் நிறுத்தினார்கள். அக்காவும் போனார். போகும்போது யாரோடும் சண்டை போடவில்லை. லாக்கர் சாவியைக் கொடுத்துவிட்டு, ரப்பர் செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார்.

சும்மா இருந்துவிடுவார் என்றுதான் செயலாளர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல்லுக்குப் போய், கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் ஒரு மனு எழுதி வாங்கி, தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மனுவில் ஒரே கேள்விதான். நான் பத்து வருடம் வேலை செய்தேனா இல்லையா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்.

“நான் சீசனுக்கு மட்டும் வந்து போன ஆளுன்னு ஓட்டல்ல எழுதிக் கொடுத்திருக்காங்களாம். வருசா வருசம் புதுசாச் சேந்தேனாம். நீ வந்து உள்ளதைச் சொல்லணும் புள்ள.”

“எப்பக்கா?”

“அடுத்த வாரம் புதங்கெழம. திண்டுக்கல்லுல விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க.”

“அன்னைக்குப் பழனியில எங்க அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்க்கா” என்றேன். அப்பா அப்போது எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். “சரி புள்ள, அப்பாவைப் பாத்துக்க” என்று எழுந்து போய்விட்டார். செயலாளரை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ, அன்றைக்கு அதே தராசில் என்னையும் வைத்துப் பார்த்தேன். தட்டு ரொம்ப ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

என்னைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பி வைத்த புண்ணியம் செயலாளருக்கே உரியது. திங்கட்கிழமை மதியம் அவர் லாண்டரிக்கு வந்தார். கம்ப்யூட்டரில் அடித்த ஒரு தாளை ரோலர் மேலேயே வைத்தார்.

“தங்கச்சி, இதுல ஒரு கையெழுத்து.”

இந்தத் தடவை படித்தேன். ‘மேற்படி பெண் சீசன் காலங்களில் மட்டும் வந்து போனார் என்பதை அவருடன் பணிபுரிந்த நான் நன்கு அறிவேன்.’

“இது பொய்யில்ல?” என்றேன்.

“பொய்யி என்ன பொய்யி? ஒரு ஆளுக்காக ஒப்பந்தமே உடைஞ்சிரும். உன் நம்பரும் போயிரும். பன்னண்டாவது இடத்துல உன்னை உக்கார வெச்சது யாரு? நீ வேலை பாத்ததா? உன் சீனியாரிட்டி என் கையில கெடக்கு தங்கச்சி. மறந்துறாத.”

எட்டு வருடம் நீராவியில் நின்று என் முழங்கைத் தோல் உரிந்திருக்கிறது. பனிக்காலத்தில் ஈரப் போர்வையைத் தூக்கித் தூக்கி இடுப்பு போயிருக்கிறது. அந்த எட்டு வருடத்தையும் ஒரு தட்டுகூடத் தூக்காத மனிதர் தன் கையில் கிடக்கிறது என்கிறார். எனக்குப் பெரிய நியாய உணர்ச்சி பொங்கியது என்று சொல்லமாட்டேன். அக்காவை நினைத்துக்கூட இல்லை. அந்த ஆளின் தோரணையை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

“மெஷின் மேல தாளை வைக்காதீங்க, எரிஞ்சிரும்” என்று எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை வெள்ளனே கிளம்பி, பெருமாள்மலை நிறுத்தத்தில் பஸ்ஸில் ஏறிய அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அப்பா எப்படி இருக்காரு?” என்று கேட்டார். “நல்லா இருக்காருக்கா” என்றேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

தொழிலாளர் அலுவலர் ஒரு பெண். நடு வயது, தடித்த கண்ணாடி, மேஜை முழுக்கக் கட்டுக் கட்டாகக் கோப்பு. நிர்வாகத்தின் பக்கம் எச்.ஆர். மேனேஜர் வந்திருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், தோளோடு தோள் உரசிக்கொண்டு எங்கள் செயலாளர். தொழிலாளி ஒருத்தி வேலையைக் கேட்டு வந்திருக்கும்போது தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அந்த அறையில் இருந்த பியூனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

எச்.ஆர். மேனேஜர் நல்ல தமிழில், மெதுவாகப் பேசினார். “மேடம், இவங்க சீசன் ஒர்க்கர். ஏப்ரல், மே வருவாங்க. அப்புறம் அவங்களாவே போயிடுவாங்க. தொடர்ச்சியான சர்வீஸ் கிடையாது.”

அலுவலர் என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா. இவங்க மழை மாசத்துல வேலை செஞ்சாங்களா?”

“செஞ்சாங்க மேடம். சீசன்ல கர்ட்டனை எறக்க நேரம் இருக்காது. மழை மாசத்துல ரூம் காலியா இருக்கும்போதுதான் எல்லா ரூம் கர்ட்டனையும் எறக்கித் துவைப்போம். நானும் அக்காவும்தான் துவைப்போம். நான் சேந்த வருசத்துல இருந்து ஒரு வருசம்கூட விட்டதில்ல. வெயில் இல்லாம காயாது, ட்ரையர்ல போட்டா சுருங்கும்னு பாய்லர் ரூம்ல கொடி கட்டிக் காயப் போடுவோம்.”

அலுவலர் மேனேஜரிடம் திரும்பினார். “சீசன் ஒர்க்கர்னா மழை மாசத்துல கர்ட்டன் துவைச்சது யாரு சார்?”

மேனேஜர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

பிறகு அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்தார். ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் நடுவில் பி.எஃப். சீட்டு ஒன்றை மடித்து வைத்திருந்தார். அந்தக் காலத்தில் ஓட்டலில் சேர்ந்த வரிசைப்படிதான் பி.எஃப். நம்பர் போட்டார்கள். அக்காவின் நம்பர் என்னுடையதற்கு முன்னால். அலுவலர் ஏதோ தோன்றியவராக, “உங்க நம்பர் என்ன?” என்று செயலாளரிடம் கேட்டார். அவர் இழுத்து இழுத்துப் போனில் தேடிச் சொன்னார். அது அக்காவின் நம்பருக்குப் பின்னால் இருந்தது. இத்தனை வருடமாக எங்களுக்கெல்லாம் மூத்தவர் போல நடந்துகொண்டவர் அக்காவுக்கு இளையவர். நான் சிரித்தேன். இந்தச் சிரிப்புக்காக நான் வெட்கப்படவில்லை.

அன்று முடிவு எதுவும் ஆகவில்லை. மூன்று வாரம் தள்ளி மறுபடி வரச் சொன்னார்கள்.

அந்த மூன்று வாரத்துக்குள் செயலாளர் தன் புத்தியைக் காட்டினார். சங்கத்துக்கு விரோதமாக நடந்துகொண்டதால் நான் உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கப்படுகிறேன் என்று ஒரு நோட்டீஸ். இரண்டு நாள் கழித்து நோட்டீஸ் போர்டில் புதுப் பட்டியல். அதில் நான் நாற்பத்திரண்டு.

நேராக எச்.ஆர். அறைக்குப் போனேன். “என்ன சார் இது? நேத்து வரைக்கும் பன்னண்டு. ராத்திரியில என் எட்டு வருசம் எங்க போச்சு?”

“ஏம்மா, ஒப்பந்தப்படி பழைய வருசம் மெம்பர்களுக்கு மட்டும்தான். நீங்க இப்ப மெம்பர் இல்ல. நான் என்ன செய்யறது? ரூல்னா ரூல்தான்.”

“நாளைக்கே அவரு மறுபடி சேத்துக்கிட்டா?”

“அப்ப பன்னெண்டு.” கூச்சமே இல்லாமல் சொன்னார். படித்த மனிதர். சென்னையில் பெரிய காலேஜில் படித்ததாகச் சொல்வார்கள். ஒருத்தி செய்த வேலையை ஒரு சங்கச் சந்தா ரசீது உண்டாக்கும், ஒரு நோட்டீஸ் அழிக்கும் என்று நம்புவதற்கு அவ்வளவு படிப்பு வேண்டியிருக்கிறது.

மறுநாளே என்னையும் நிறுத்தினார்கள். வீட்டில் என் வீட்டுக்காரர், “உனக்கு எதுக்கு இந்தச் சோலி? கையெழுத்துப் போட்டுட்டு இருந்திருக்கலாம்ல” என்றார். பதினைந்து நாள் அவரோடு நான் சரியாகப் பேசவில்லை. பேசினால் அவர் சொல்வது சரி என்று ஒத்துக்கொண்டுவிடுவேனோ என்று பயம்.

இரண்டாவது முறை போனபோது நோட்டீஸ் போர்டிலிருந்து போனில் எடுத்த இரண்டு பட்டியலையும் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அலுவலர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“சார், இந்தம்மா எத்தனை வருசம் வேலை செஞ்சாங்க?” என்று மேனேஜரிடம் கேட்டார்.

“எட்டு வருசம் மேடம்.”

“இந்தப் பட்டியல்படி எட்டு வருசம். இதுபடி ஒரு வருசம்கூட இல்ல. ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. எது பொய்?”

மேனேஜர் ஒப்பந்தம், ஷரத்து, உறுப்பினர் என்று ஏதோ ஆரம்பித்தார். அலுவலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீங்க தனியா உக்காந்து போட்டுக்கிட்ட ஒப்பந்தம் சார் இது. கையெழுத்துப் போட்டவங்களைத்தான் கட்டும். ஒரு சங்கம் பேசி ஒரு சலுகை வாங்கினா எங்க ஆளுக்கு மட்டும்னு சொல்லலாம். அதுலகூட எனக்குக் கேள்வி இருக்கு. ஆனா வேலைக்குச் சேந்த தேதி சலுகை இல்ல. அது நடந்த விஷயம். சங்கத்துல இல்லாத காரணத்துக்காக ஒருத்தரைக் கீழ தள்றது நியாயமில்லாத தொழில் நடைமுறை. நான் உத்தரவு போட முடியாது. பேசித் தீர்க்க முடியலைன்னா ரிப்போர்ட் எழுதிருவேன். கேஸ் கோர்ட்டுக்குப் போகும். அங்க இந்த ரெண்டு பேர் விஷயம் மட்டும் பேசமாட்டாங்க. பத்து வருசம் ஏன் தினக்கூலியா வெச்சிருந்தீங்கன்னும் கேப்பாங்க.”

கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது. மேனேஜர் வெளியே போய் நீண்ட நேரம் போன் பேசினார். செயலாளர் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலியானதும் எங்கே சாய்வது என்று தெரியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, “நாம நமக்குள்ளேயே பேசித் தீத்திருக்கலாம்” என்றார்.

அக்கா சொன்னார். “அதுக்குத்தான் படிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டேன்.”

மேனேஜர் திரும்பி வந்தார். அலுவலர் முன்னிலையில் புது ஒப்பந்தம் எழுதினார்கள். இப்படி எழுதுவது உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர் எல்லாரையும் கட்டும் என்று அலுவலர் விளக்கினார். சங்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் வேலைக்கு வந்த நாள்தான் சீனியாரிட்டி. நிறுத்தின எங்கள் இரண்டு பேரையும் உடனே திரும்ப எடுக்க வேண்டும். அலுவலர் ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்தார். அக்கா ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டிவிட்டுக் கடைசியில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். செயலாளரும் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது பட்டியலில் அக்கா ஒன்பது. அவர் மேலே போனதால் நான் பன்னிரண்டிலிருந்து பதின்மூன்று. உண்மை சொன்னதற்கு ஓர் இடம் கீழே இறங்கினேன். அதைச் சொல்லி நானும் அக்காவும் ரொம்ப நாள் சிரித்தோம்.

அந்தப் பட்டியல் ஒட்டிய சாயங்காலம் ஓட்டலின் பின்வாசலில் வெடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் செயலாளர். சரவெடி, லட்டு, பேனர். ‘அனைத்துத் தொழிலாளர்க்கும் பணிமூப்பு! சங்கத்தின் மகத்தான வெற்றி!’ பேனரில் அவர் படம். எனக்கும் ஒரு லட்டு நீட்டினார். “பாத்தியா தங்கச்சி, வாங்கிக் குடுத்துட்டோம்ல” என்றார். அந்தக் கண்களில் கள்ளம் இல்லை. தான் சொன்னதை அவரே நம்பியிருந்தார். அயோக்கியன் என்றால்கூடக் கொஞ்சம் மதித்திருப்பேன். லட்டை வாங்கி அங்கேயே சுவர் மேல் வைத்துவிட்டு வந்தேன். குரங்கு எடுத்துக்கொண்டு போனது.

அதற்கு அடுத்த வாரம் அக்கா சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டார்.

“உங்களுக்கு என்னக்கா கிறுக்கா பிடிச்சிருக்கு? அந்த ஆளுகிட்டப் போயா?”

“சங்கம் என்ன அவரு அப்பன் வீட்டுச் சொத்தா? அன்னைக்குச் சேந்தே ஆகணும்னாரு, சேரல. இப்பச் சேராட்டியும் ஒண்ணும் இல்ல. அதான் சேந்தேன். நீயும் வா.”

“அந்தத் துண்டைப் பாத்தாலே எனக்கு வாந்தி வருது. நான் வரல.”

மறுபடி சேர விண்ணப்பித்தால் எடுத்துக்கொள்வதாகச் சங்கத்திலிருந்து எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் போகவில்லை. வெளியே நின்று ஏளனம் செய்வது சுகமாக இருந்தது. யாருக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. செயலாளர் கடந்து போகும்போதெல்லாம் மெஷின் சத்தத்துக்கு மேலே ஏதாவது ஒரு சொல்லை எறிவேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். அதையே வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மழை மாசம் வந்தது. வழக்கம்போலப் பட்டியலில் கீழே இருப்பவர்களை மூன்று மாதத்துக்கு நிறுத்தப் போவதாக நிர்வாகம் சொன்னது. நான் பதின்மூன்று. எனக்கு என்ன? கர்ட்டன்களை இறக்க வேண்டிய அறைகளுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். சங்கத்தின் பொதுக்குழு கூடியிருந்தது. அதில் அக்கா எழுந்து, யாரையும் முழுதாக நிறுத்த வேண்டாம், எல்லாரும் வாரத்துக்கு இரண்டு நாள் சுழற்சியில் வேலையை விட்டுக்கொடுப்போம் என்று கேட்டிருக்கிறார். போன வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரியும். செயலாளர் குதித்தாராம். “சீனியாரிட்டி நம்ம உரிமை! ரத்தம் சிந்தி வாங்கினது!” என்றாராம். சீனியாரிட்டிக்கு வந்த காவலனைப் பாருங்கள். ஓட்டுக்கு விட்டார்கள். கீழே இருந்தவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அக்கா கேட்டது நிறைவேறியது. நிர்வாகத்துக்கு எப்படியும் சம்பளம் ஒன்றுதான், ஒத்துக்கொண்டது.

மறுநாள் ஷிஃப்ட் தாளில் என் பெயருக்கு நேரே வாரத்தில் இரண்டு நாள் கோடு போட்டிருந்தது. கோபம் தலைக்கு ஏறியது. என் எட்டு வருடம், ஒன்பது வருடம், திண்டுக்கல், நாற்பத்திரண்டு, எல்லாம் ஞாபகம் வந்தது. அக்காவிடம் போய்க் கத்தினேன்.

“என் நாளை நீங்க எப்படிக்கா குடுக்கலாம்? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“என் நாளையும்தான் குடுத்தேன்” என்றார் அக்கா, விரிப்பை மடித்துக்கொண்டே. “கேக்கலாம்னுதான் கூட்டத்துல உன்னைத் தேடுனேன். நீதான் மெம்பர் இல்லையே. உன்கிட்ட எப்படி ஓட்டுக் கேக்குறது?”

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்தியது. நான் அங்கே இருந்திருந்தால் அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டிருப்பேன், அதில் சந்தேகமில்லை. செயலாளர் பக்கம் கை தூக்கியிருப்பேன். அதை நினைத்ததும் கத்துவதை நிறுத்திவிட்டேன்.

அந்த வருடம் மழை மாசத்தில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வாரத்தில் இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு நான் ஜன்னல் வழியே மூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்கும் சவாரி இல்லை, அவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்குள் அவ்வளவு பேச்சு அதற்கு முன் நடந்ததில்லை. பெரும்பாலும் சண்டைதான்.

தை மாதம் சங்க அலுவலகத்துக்குப் போனேன். டைம் ஆபீஸுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. செயலாளர் மட்டும் இருந்தார். துண்டு நாற்காலி முதுகில் தொங்கியது.

“வா தங்கச்சி! எனக்குத் தெரியும், நீ வருவேன்னு.”

படிவத்தை வாங்கி இரண்டு பக்கத்தையும் நின்றுகொண்டே படித்து முடித்துவிட்டு நீட்டினேன். அவர் ரசீது எழுத ஆரம்பித்தார். என் பெயரைச் சரியாக எழுதுகிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.